மருமகளுக்கு நான் வாங்கிய மருந்துப் புத்தகங்கள்

படப்பை,
தை மாதம், 2014.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சண்முகசுந்தரம் அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும், கொம்பையா தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி சொர்ணம்மாள், மகன் மாரிராஜ் மூவரும் உடம்பைப் பொறுத்தவரை நலமாக இருக்கிறோம். தாங்களும் கோவில்பட்டியில் எல்லா வகையிலும் நலமாக இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை இருப்பானாக. தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான சுகப்பிரியா பத்திரமாக ஊர் வந்து சேர்ந்த செய்தியை மாரிராஜ் சொன்னான். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போன் போட்டால் தாங்கள் 'சொல்லுங்க சம்பந்தி' என்பீர்கள். அந்த மரியாதையான குரலைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வராது. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. நான் முடிக்கும்வரை தாங்கள் பேச முடியாது.

நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். 'பிள்ளை பி.பார்ம் முடிச்சிருக்கா, மேல எம்.பார்ம் படிக்கணும்னு ஆசைப்படுதா, அதுக்கு மட்டும் தடை சொல்லிராதீங்க' என்றீர்கள். சரி என்று தலையாட்டிவிட்டு நான் பந்திக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சபையில் எழுந்து நின்று, 'தடையா? அவளுக்குப் புஸ்தகம் வாங்கிக் கொடுக்கதே நான்தான்' என்று முழங்கினேன். யாரோ கைகூடத் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இரண்டு வருஷமாக என் காதில் இருந்தது. அதுதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

இந்த எம்.பார்மில் சேர ஜிபேட் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறதாம். அதற்கு ஒரு கைடு வேண்டும் என்று சுகப்பிரியா மாரிராஜிடம் கேட்டாள். அவனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுக்கும் ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்தால் ஓ.டி., ஓ.டி. முடிந்தால் தூக்கம். 'ஆன்லைன்ல போட்டுருதேன், வீட்டுக்கே வந்துரும்' என்றான். எனக்குக் கோபம் வந்தது. கத்திரிக்காயையே அமுக்கிப் பார்த்து வாங்குகிற குடும்பம், படிக்கிற புத்தகத்தைப் பார்க்காமல் வாங்குவதா? நானே போய் வாங்கி வருகிறேன் என்றேன். 'பேர் எழுதித் தாரேன் மாமா' என்று சுகப்பிரியா பேனாவை எடுத்தாள். எழுதவே விடவில்லை நான். 'எம்மா, கூட்டுறவுச் சங்கத்துல எழுத்தரா இருந்து ஓய்வு பெத்தவன் நான். மருந்துன்னா எனக்கு என்னன்னு தெரியாதா?' என்று கேட்டுவிட்டு, பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய், அங்கிருந்து ரயிலேறி, சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடைகள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சம்பந்தி, எங்கள் சங்கத்தில் மருந்து என்றால் பயிருக்கு அடிக்கிற மருந்து. வேறு மருந்து அங்கே கிடையாது. அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. கடைக்காரர், 'இன்னா புக்கு சார் வோணும்?' என்றார். 'மருந்து சம்பந்தமா ஒரு பெரிய நுழைவுத் தேர்வு, பார்ம்னு சொல்லுவாக' என்றேன். 'பார்ம்னா, அக்ரி தான? பயிரு, கோழி, மாடு?' என்று கேட்டுக்கொண்டே அவர் ஒரு கட்டை இறக்கி வைத்தார். இங்கிலீஷ் புத்தகங்கள். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். யூரியா என்று இருந்தது, பொட்டாஷ் என்று இருந்தது. நாற்பது வருஷம் பழகிய பெயர்கள். திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அட்டையைத் தட்டிப் பார்த்தேன், தையலை இழுத்துப் பார்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன். பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னவன் அல்லவா, பார்க்க வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்து, ஒன்றுக்கு ஐந்தாக வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சுகப்பிரியா அந்தப் புத்தகங்களை இரண்டு கையாலும் வாங்கினாள். முதல் புத்தகத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, 'நல்ல கனமான புஸ்தகம் மாமா' என்றாள். அவ்வளவுதான். சொர்ணம்மாள்தான் எட்டிப் பார்த்து, 'என்னங்க, மருந்துப் புஸ்தகத்துல மாட்டு மடி படம் போட்டிருக்கு?' என்று கேட்டாள். 'மாட்டுக்கும் மருந்து உண்டுல்லா, பேசாம இரு' என்று அவளை அடக்கினேன். இதோடு விட்டேனா? படப்பை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், ஜிபேட் பரீட்சைக்குப் பத்து வருஷ வினாத்தாள் இருக்கிறதா என்று கேட்டேன். 'எந்தப் பரீட்சையா இருந்தாலும் கீது சார்' என்று ஒரு கட்டைக் கொடுத்தார்கள். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'இந்தப் பரீட்சை இதுவரை நடந்ததே நாலு தடவைதான் மாமா' என்று அவள் மெதுவாகச் சொன்னாள். 'அப்போ மீதி ஆறு வருஷத்தைக் கூடுதலாப் படிச்சுக்கோம்மா' என்றேன். அது கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்கான வினாத்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. அதையும் அவள் இரண்டு கையாலும்தான் வாங்கி வைத்தாள், சம்பந்தி. தங்கள் வளர்ப்பு அப்படி.

அதற்குப் பிறகு நான் தினமும் ஹாலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் படிக்கிற அழகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவளும் மாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். கறவை மாடு, சினை மாடு, கோமாரி நோய் என்று பக்கம் பக்கமாகத் திருப்புவாள். எனக்குப் பெருமை தாங்காது. ஒருநாள் காலையில் கடைக்குப் போய்விட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சு கேட்டது. மாரிராஜுக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட், வீட்டில்தான் இருந்தான்.

'மாமா ஹால்ல உக்காந்திருக்க வரைக்கும் நான் மாட்டுப் புக்கைத்தான் விரிச்சு வச்சிருக்கணும். மாமா டீக்கடைக்குப் போனாத்தான் என் காலேஜ் நோட்டையே எடுக்க முடியுது. நேத்து மாமா டீ குடிக்கவே போகலை' என்று சுகப்பிரியா சொல்லிக்கொண்டிருந்தாள்.

'அது தப்பான புஸ்தகம்னு நான் அப்பாகிட்ட சொல்லிருதேன்' என்றான் மாரிராஜ்.

'ஐயோ, சொல்லீராதீங்க. பாவம், அம்புட்டுத் தூரம் சுமந்துட்டு வந்திருக்காக. மனசு வெறுத்துப் போகும்.'

கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க வீட்டுக்கு வரவில்லை. டீக்கடைக்காரர் முதலில் மரியாதையாகப் பார்த்தார், பிறகு பரிதாபமாகப் பார்த்தார், கடைசியில் 'வூட்ல இன்னா சார் பிரச்சன?' என்று கேட்டே விட்டார். என்ன சொல்வேன்? என் மருமகள் என்னை மனம் நோகவிடக் கூடாது என்பதற்காக மாட்டுக்கு வைத்தியம் படிக்கிறாள் என்று சொல்வேனா? அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அதோடு முடிந்திருக்கும். பாவம் என்று சொல்லிவிட்டாளே, அதற்கு நான் என்ன செய்வது?

எனக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். புத்தகம் கண்ணில் பட்டால்தானே அவள் படித்தாக வேண்டும்? மறுநாள் மாமியாரும் மருமகளும் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போனார்கள். நான் ஒரு சாக்கை எடுத்து, ஹாலில் இருந்தது, கட்டிலுக்கு அடியில் இருந்தது, அலமாரி ஓரத்தில் இருந்தது என்று காகிதமாக அகப்பட்டதை எல்லாம் அள்ளிப் போட்டுக் கட்டி, ஒரகடத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அவசரத்தில் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. கோயிலிலிருந்து வந்த சுகப்பிரியா, 'இங்க இருந்த புக்கெல்லாம் எங்க மாமா?' என்று கேட்டாள். 'பழைய பேப்பருக்குப் போட்டுட்டேன்' என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அடுத்த இரண்டு நாளில், 'நான் ஊருக்குப் போய்ப் படிச்சுக்கிடுதேன் மாமா, இனிமே நீங்க எதுவும் வாங்க வேண்டாம்' என்று கிளம்பிவிட்டாள். நான்தான் பெருங்களத்தூர் போய் பஸ் ஏற்றி விட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், அலமாரியில் அவளுடைய காலேஜ் நோட்டு இருக்கும் தட்டு துடைத்து விட்ட மாதிரி காலியாக இருக்கிறது. நாலு வருஷம் கண் விழித்துத் தன் கையால் எழுதிய நோட்டு. அதை அள்ளி நான் பழைய பேப்பருக்குப் போட்டிருக்கிறேன். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குப் போயிருக்கிறாள்.

பாண்டுரங்கனிடம் ஓடினேன். மாட்டுப் புத்தகங்கள் ஐந்தும் அப்படியே இருந்தன. 'இது வழவழ பேப்பரு சார், எண்ணெய இழுக்காது, எவனும் வாங்க மாட்டான்' என்றார். 'கையெழுத்து நோட்டு?' என்று கேட்டேன். 'கையால எழுதுன கட்டு ஒண்ணு இருந்துச்சே, மருந்து பேரா போட்டுக்கினு. அத அப்பவே கம்பெனி கேட்டாண்ட பஜ்ஜிக் கடை லூர்தம்மா தூக்கினு போய்டுச்சே' என்றார். எந்தக் கம்பெனி கேட் என்று கேட்டேன். சொன்னார். என் மகன் வேலை பார்க்கிற கம்பெனி.

நான் போய்ச் சேரவும் முதல் ஷிப்ட் விடவும் சரியாக இருந்தது. நீலச் சட்டை போட்ட பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து, ஆளுக்கொரு பஜ்ஜியைக் காகிதத்தில் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காகிதத்திலும் குண்டு குண்டாகக் கையெழுத்து, நடுநடுவே ஏதோ மருந்துப் பெயர். லூர்தம்மாளிடம் போய், 'எம்மா, அந்தப் பேப்பரை எல்லாம் என்கிட்ட குடுத்துருங்க' என்றேன். அவர் கரண்டியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். 'இன்னா பெருசு, பஜ்ஜி வோணுமா, பேப்பர் வோணுமா? பேப்பர குட்த்துட்டு நான் பஜ்ஜிய கையிலயா குடுக்கறது? கொதிக்குது பாரு' என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மனம் இளகி, மிச்சமிருந்த கட்டைக் கொடுத்தார். 'போனது போச்சு. துன்னுக்கினு கீறவன்கிட்ட நீயே கேட்டுக்கோ' என்றார்.

கேட்டேன், சம்பந்தி. 'தம்பி, தின்னுட்டு அந்தப் பேப்பரை எறிஞ்சிராதீங்க, எனக்கு வேணும்' என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் என் பேச்சை வைத்துத் தெற்கத்தி ஆள் என்று கண்டுபிடித்து, 'நம்ம ஊர்க்காரகளா, இந்தாங்கய்யா' என்று வேகமாகத் தின்றுவிட்டு, துடைத்துக் கொடுத்தான். கீழே கிடந்ததைக் குனிந்து எடுத்தேன். குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டேன். அப்போது ஒருவர் என் தோளைத் தொட்டார். கழுத்தில் அட்டை மாட்டிய சூப்பர்வைசர். ஒரு தட்டு நிறைய பஜ்ஜி வாங்கி என் கையில் வைத்து, 'சாப்டுங்கய்யா. தொட்டில எல்லாம் தேடாதீங்க. வெக்கப்படாம சாப்டுங்க' என்றார். நல்ல மனுஷர். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவருக்குப் பின்னால், தன்னோடு வேலை பார்க்கும் பையன்களுடன் மாரிராஜ் நின்றுகொண்டிருந்தான்.

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கே எல்லாம் சிமெண்டுத் தளம். மாரிராஜ் ஒரு நொடிதான் நின்றான். பிறகு முன்னால் வந்து, 'சார், அது எங்கப்பா' என்றான். குரலைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். சூப்பர்வைசர் தட்டைத் திரும்ப வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தார். 'சுகப்பிரியா நோட்டுப்பா' என்றேன். பையைக் கழற்றி வைத்துவிட்டு, அவனும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். அவன் குனிந்ததும் கூட இருந்த பையன்களும் குனிந்தார்கள். நான் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் தின்ற பஜ்ஜி இன்னும் நெஞ்சிலேயே இருக்கிறது.

பொறுக்கியதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, கோலமாவைத் தூவி எண்ணெயை எடுத்து, கொடியில் காயப் போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். வாழைக்காய் வாசம் மட்டும் போகவில்லை. இந்தக் கடிதத்துடன் அதையும் பார்சலில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். பாதிதான் தேறியது. மீதி ஒரகடத்துத் தொழிலாளர் வயிற்றோடு போய்விட்டது. சுகப்பிரியா இந்தப் பரீட்சையில் தவறினால் அது அவள் தவறு இல்லை, மாரிராஜ் தவறும் இல்லை, முழுக்க முழுக்க இந்தக் கொம்பையாவின் தவறு. அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்பதால் நானே சொல்கிறேன். என்னை எப்படி வேண்டுமானாலும் நினையுங்கள். என் மகனை மட்டும் ஒன்றும் நினைக்க வேண்டாம்.

சுகப்பிரியாவுக்கு எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அவள் எண்ணியது கைகூடி, பேருக்குப் பின்னால் இன்னும் இரண்டு எழுத்து சேரட்டும். சம்பந்தியம்மாளுக்கு சொர்ணம்மாள் அன்பைச் சொல்லச் சொன்னாள். தங்கள் முகத்தை நேரில் பார்க்கும் தைரியம் வரும்வரை இந்தக் கடிதமே என் முகமாகத் தங்கள் முன் நிற்கும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
கொ. கொம்பையா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாரிராஜ் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சுகப்பிரியாவுக்குப் போன் போட்டுவிட்டான். 'என் நோட்டா? அது எல்லாம் என்கிட்டதான இருக்கு. மாமாதான பெருங்களத்தூர் வரைக்கும் அந்தப் பையைத் தூக்கிட்டு வந்தாக. என்னம்மா இம்புட்டுக் கனமா இருக்குன்னுகூட கேட்டாகளே' என்றாளாம். அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்தியது சிரிப்பை அடக்கத்தானாம். ஊருக்கு வந்தது படிக்கத்தானாம். வேறு காரணமே இல்லையாம்.

அப்படியானால் நாங்கள் பொறுக்கியது யாருடைய நோட்டு என்று பிரித்துப் பார்த்தோம். எண்ணெய் படாத ஒரு பக்கத்தில் ஷெர்லின், சேரப்பணஞ்சேரி என்று இருந்தது; பக்கத்து ஊர்தான். ஐயோ, எந்த வீட்டுப் பிள்ளை எங்கே தேடி அழுகிறதோ என்று மறுபடியும் சாக்கைத் தூக்கிக்கொண்டு இன்று காலை போனேன். நர்ஸ் வேலைக்குப் படித்த பெண். என்னையும் சாக்கையும் பார்த்துவிட்டு, 'தாத்தா, நான் பாஸாயி வேலைக்கே போயிக்கினு கீறேன். நான்தான் அத எடைக்குப் போட்டேன். அதப் பாத்தாலே எனக்குத் தலைவலி வரும், தயவு பண்ணி எடுத்துக்கினு போய்டுங்க' என்றாள். இப்போது அந்தச் சாக்கு திரும்ப எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தங்களுக்குப் பார்சல் வராது.

ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பில், புத்தகம் மாற்றி வாங்கியதற்கும் மருமகளை மாட்டு வைத்தியம் படிக்க வைத்ததற்கும் உரியதை மட்டும் தாங்கள் வைத்துக்கொண்டு, மீதியைக் கேட்காததாகப் பாவிக்கவும்.

சுகப்பிரியா என்னிடமும் பேசினாள். பரீட்சை சென்னையில்தான், நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் மாமா என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'இடம் எங்கன்னு மட்டும் சொல்லும்மா, நான் முன்கூட்டியே போய்ப் பார்த்து வச்சிருதேன்' என்றேன். அந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு, 'வேண்டாம் மாமா. வழியெல்லாம் நான் பார்த்துக்கிடுதேன். நீங்க கூட வந்தா மட்டும் போதும்' என்றாள்.